பூனை வராமல் வந்த பயம்

அற்புதம்மாள் பதினோரு வருடம் சினிமா தியேட்டரில் வேலை பார்த்தாள். அத்தனை வருடத்தில் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை.

திருச்சி பாலக்கரையில் இருந்தது அந்தத் தியேட்டர். பெண்கள் பக்கம் டிக்கெட் கிழித்து, டார்ச் அடித்து இடம் காட்டுவது அவள் வேலை. எல்லோரையும் உட்கார வைத்த பிறகு, பக்கவாட்டுக் கதவுக்குப் பக்கத்தில் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். எதிரே இருநூறு பெண்களின் முகம். திரையின் வெளிச்சம் அந்த முகங்களில் ஏறும், இறங்கும். அவள் பார்த்த படமெல்லாம் அதுதான்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கொத்தனாராக இருந்த புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்த வருடம், ஒரே மாதா கோயிலுக்கு வருகிறவர் என்ற பழக்கத்தில் மேனேஜர் சகாயநாதன் இந்த வேலையைக் கொடுத்தார். அதிகம் பேசத் தெரியாது. பேசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தெரியும். அந்த வேலைக்கு அது போதுமாக இருந்தது.

முகங்களைப் பார்த்தே படம் எந்த வகை என்று சொல்லிவிடுவாள். குடும்பப் படம் என்றால் இடைவேளை மணிக்குச் சற்று முன்னால் வீட்டை விட்டு ஒருத்தி வெளியேற்றப்படுவாள். முந்தானைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூக்குக்குப் போகும். பெருமாள் படம் வந்தால் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மாமிகள் வந்து இறங்குவார்கள். சுவாமி திரையில் சேவை சாதிக்கும்போது காலில் செருப்பு இருக்கக் கூடாது என்று வாசலிலேயே கழற்றிவிட்டு வருவார்கள். படம் விட்டதும் ஐம்பது ஜோடிச் செருப்புக்குள் அவரவர் செருப்பைத் தேடிக் கொடுப்பதும் அற்புதம்மாள் வேலைதான். அம்மன் படத்துக்கு மேனேஜர் வாசலில் வேப்பிலை கட்டுவார். உடுக்கை வேகம் பிடிக்கும்போது எந்த வரிசையில் யார் எழுந்து ஆடப் போகிறார்கள் என்பது, அந்தப் பெண்ணின் தோள் லேசாகக் குலுங்கும்போதே அற்புதம்மாளுக்குத் தெரிந்துவிடும். போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வாள்.

பேய்ப் படம் மட்டும் வேறு மாதிரி. அதில் வருவதெல்லாம் வருகிறவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஊருக்கு வெளியே ஒரு பங்களா இருக்கும். அங்கே போகாதீர்கள் என்று ஒரு வாட்ச்மேன் சொல்வான். போவார்கள். நாய் ஊளையிடும். கதவு தானாகத் திறக்கும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பூனை குதிக்கும். கொட்டகையே கத்தும். பிறகு, பூனைதானா என்று சிரிப்பார்கள். சிரித்து முடிப்பதற்குள் வெள்ளைச் சேலை வந்துவிடும். எந்தப் படமானாலும் பூனைதான் முதலில். பயப்பட வந்தவர்களுக்கு எப்போது பயப்பட வேண்டும் என்று யாராவது சொல்லிவிட வேண்டியிருக்கிறது என்று அற்புதம்மாள் நினைத்துக்கொள்வாள்.

எண்பத்தொன்றாம் வருடம் கோடையில் அப்படி ஒரு பேய்ப் படம் வந்தது. படப்பெட்டியோடு விநியோகஸ்தரின் ஆள் ஒருவரும் மதுரையிலிருந்து வந்து இறங்கினார். படத்தில் புதிதாக ஒன்றும் இல்லை, புதுசு வாசலில்தான் இருக்க வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னார். மறுநாள் வாசலில் ஒரு பெரிய தட்டி நின்றது. இதய பலவீனம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தயவுசெய்து வர வேண்டாம் என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தார்கள். தட்டிக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கட்டில், அதன்மேல் வெள்ளை விரிப்பு. அதற்குப் பக்கத்தில் சிவப்புக் கூட்டல் குறி போட்ட ஒரு பழைய வேன். அதற்குள் என்ஜின் இல்லை. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள்.

“இதுக்கு ஒரு நர்ஸ் வேணும்” என்றார் விநியோகஸ்தரின் ஆள்.

சகாயநாதன் சுற்றிலும் பார்த்தார். பார்வை அற்புதம்மாளிடம் வந்து நின்றது.

“இதோ இருக்காங்களே. வெள்ளைச் சேலை கட்டிவிட்டா போதும். கழுத்துல சிலுவை இருக்கு, வாயைத் திறக்க மாட்டாங்க. இந்த ஊர்ல இதுக்கு மேல எவன் சர்ட்டிபிகேட் கேக்கப்போறான்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களே சார்.”

“தெரிய வேண்டாம் அற்புதம். நிக்கணும், அவ்வளவுதான். பயப்படத்தான் ஜனங்க வர்றாங்க. ஆனா பத்திரமா பயப்படணும்னு நினைக்கிறாங்க. வாசல்ல ஒரு நர்ஸ் நின்னா அவங்களுக்கு ஒரு தைரியம்.”

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் அற்புதம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

சலவை செய்த வெள்ளைச் சேலையில், கையில் கொலோன் கலந்த தண்ணீர்ப் புட்டியும் பஞ்சுமாக அவள் நின்றாள். முதல் நாளே பெண்கள் கூட்டம் இரண்டு மடங்கு. திருச்சியில் வெள்ளைச் சேலை கட்டிய கிறிஸ்தவப் பெண் என்றால் நர்ஸ்தான். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் அவளிடம் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு கிழவி நாக்கை நீட்டிக் காட்டினாள். “எந்த ஆஸ்பத்திரி சிஸ்டர் நீங்க?” என்று கேட்டவர்களுக்கு அவள் தலையை ஆட்டினாள். தலையாட்டலைப் பதிலாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

மயங்கி விழுவதற்கும் ஓர் ஆள் இருந்தாள். பெயர் ரோசரி. முன்பு நாடகங்களில் நடித்தவள். இடைவேளைக்குப் பிறகு கிணற்றுக்குள்ளிருந்து பேய் எழும்பும் காட்சியில், ஏழாவது வரிசை ஓரத்து நாற்காலியிலிருந்து அலறிக்கொண்டு சரிய வேண்டும். அற்புதம்மாளும் இரண்டு ஆட்களும் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட வேண்டும். அடுத்த காட்சிக்கு நிற்கிற வரிசை அதைப் பார்க்க வேண்டும்.

“விழறதுல ஒண்ணும் கஷ்டம் இல்லக்கா” என்பாள் ரோசரி, கட்டிலில் கண்ணை மூடியபடியே. “எந்திரிக்காம கிடக்கணும் பாருங்க, அதுதான். நேத்து ஈ ஒண்ணு மூக்குமேலயே குடும்பம் நடத்துச்சு.”

“யாராவது நிஜமா விழுந்தா என்ன செய்யறது ரோசரி?”

“எனக்குப் பக்கத்துல படுக்க வைங்க. ரெண்டு பேருக்குக் கட்டில் தாங்கும்.”

அற்புதம்மாளால் சிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் மேட்னிக்கு மணி அடிக்கும்போது, மாதாவே, இன்றைக்கு யாரும் நிஜமாக விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். படம் விட்டு, இருநூறு பேரும் தங்கள் காலால் நடந்து வெளியே போவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். ராத்திரி ஆட்டம் முடிந்து வரகனேரியில் இருந்த தன் அறைக்குப் போய் வெள்ளைச் சேலையைக் கொடியில் போட்டால், அது யாரோ நிற்பது போல இருக்கும். சேலையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் படுப்பாள்.

ஆறாவது நாள் மேட்னிக்கு அக்கா தங்கை இருவர் வந்தார்கள். வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார்கள். மூத்தவள் சுராயா. வாய் ஓயாதவள். இளையவள் கமருன்னிசா. துப்பட்டியை முன்னால் இழுத்து விட்டிருந்தாலும் வயிறு தெரிந்தது. தட்டியைப் படித்துவிட்டு இருவரும் தயங்கினார்கள். பிறகு சுராயா அற்புதம்மாளிடம் வந்தாள்.

“சிஸ்டர், இவளுக்கு ஏழு மாசம். மாப்பிள்ளை சவுதியில. காலையிலேருந்து தலைவலின்னு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. கொஞ்சம் சிரிக்கட்டுமேன்னு இட்டுக்கிட்டு வந்தேன். பார்க்கலாம்ல?”

அற்புதம்மாள் கமருன்னிசாவின் கால்களைப் பார்த்தாள். செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. விரல்கள் எல்லாம் ஒன்றாக வீங்கியிருந்தன. அந்தப் பெண் கண்ணைத் திரும்பத் திரும்பக் கசக்கினாள்.

“மினுமினுன்னு இருக்குக்கா” என்றாள் அக்காவிடம்.

“வெயில்ல வந்தோம்ல. உள்ள போனா சரியாயிடும். சிஸ்டர் இருக்காங்க, என்ன பயம் உனக்கு?”

வேண்டாம் என்று சொல்லிவிட நினைத்தாள் அற்புதம்மாள். நான் நர்ஸ் இல்லை என்பதையும். பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். வரிசை நீளமாக இருந்தது. எத்தனையோ பேருக்கு ஆட்டியதைப் போலத் தலையை ஆட்டினாள். இரண்டு டிக்கெட்டையும் வாங்கிக் கிழித்தாள். கிழித்த கையோடு டார்ச் அடித்துக்கொண்டு போய், கதவோரம் காற்று வரும் இடமாகப் பார்த்து, ஒன்பதாவது வரிசையில் உட்கார வைத்தாள்.

அன்றைக்கு அவள் மற்ற முகங்களைப் பார்க்கவில்லை. அந்த ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாட்ச்மேன் எச்சரித்தான். நாய் ஊளையிட்டது. கதவு திறந்தது. பூனை குதித்தது. இருநூறு பெண்களும் கத்தினார்கள். சுராயா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். கமருன்னிசா மட்டும் கத்தவில்லை. பூனை வந்ததே அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. இடைவேளையில் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்ல அற்புதம்மாள் ஓரடி எடுத்து வைத்தாள். அதற்குள் மணி அடித்து விளக்கு அணைந்துவிட்டது.

கிணற்றுக் காட்சி வந்தது. சலங்கைச் சத்தம் மெதுவாக ஆரம்பித்தது. ஏழாவது வரிசையில் ரோசரி முந்தானையைச் செருகிக்கொண்டு தயாரானாள். திரை முழுக்க இருட்டாகி, பிறகு ஒரேயடியாக வெளுத்தது. அந்த வெளிச்சத்தில் கமருன்னிசாவின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே போவதை அற்புதம்மாள் பார்த்தாள். கண் மேலே செருகியது. கைகள் மடங்கி விறைத்தன. உடம்பு நாற்காலியோடு சேர்த்து உதறத் தொடங்கியது. முன்னால் எந்தப் பூனையும் குதிக்கவில்லை. சத்தமே இல்லாமல் அது வந்தது.

அதே நேரத்தில் ரோசரி அலறிக்கொண்டு சரிந்தாள்.

கொட்டகை முழுவதும் ரோசரியின் பக்கம் திரும்பியது. தூக்க வேண்டிய இரண்டு ஆட்களும் ரோசரியிடம் ஓடினார்கள். கமருன்னிசாவுக்குப் பின் வரிசையில் இருந்த ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், “இன்னிக்கு ரெண்டு பேரு போல. நேத்து ஒண்ணுதான்னு சொன்னாங்க” என்றாள். இன்னொருத்தி எழுந்து நின்று எட்டிப் பார்த்து, “இந்தப் பொண்ணுதான் நல்லா செய்யுது” என்றாள்.

அற்புதம்மாள் ஓடிப்போய் டார்ச் அடித்தாள். வாயில் நுரை. அதில் ரத்தம். சுராயா என்ன செய்வதென்று தெரியாமல் தங்கையின் துப்பட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“படத்தை நிறுத்துங்க” என்று அற்புதம்மாள் கத்தினாள். வாழ்நாளில் அவள் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. ஆனால் பேய் அப்போதுதான் கிணற்றிலிருந்து முழுதாக வெளியே வந்திருந்தது. எல்லோரும் கத்தினார்கள். அவள் குரல் அதற்குள் போய்க் கலந்து காணாமல் போயிற்று. மேலே ஆப்பரேட்டர் அறையின் துவாரத்தைப் பார்த்து, “ராமர் அண்ணே, நிறுத்துங்கண்ணே” என்று கூப்பிட்டாள். ஆண்கள் பக்கத்திலிருந்து விசில் வந்தது. யாரோ அதே மாதிரி, “நிறுத்துங்கண்ணே” என்று பெண் குரலில் இழுத்துச் சொல்ல, பத்துப் பேர் சிரித்தார்கள்.

இங்கே யார் கத்தினாலும் படம்தான் என்பது அவளுக்குப் புரிந்தது. யார் விழுந்தாலும் படம்தான். எத்தனை பேர் பயந்தாலும் இவர்கள் பயத்தை நம்பப் போவதில்லை.

அவள் திரும்பினாள். பக்கவாட்டுக் கதவின் கறுப்புத் திரைச்சீலையை இழுத்தாள். படம் ஓடும்போது அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்பது தியேட்டரில் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற சட்டம். இரும்புத் தாழ்ப்பாள் துரு ஏறியிருந்தது. இரண்டு கையாலும் அடித்து மேலே தூக்கினாள். கதவைக் காலால் உதைத்தாள்.

மேற்கே பார்த்த கதவு. சித்திரை மாதத்து நாலேகால் மணி வெயில் அப்படியே உள்ளே வந்து விழுந்தது. திரையில் பேய் வெளிறி, இருந்த இடம் தெரியாமல் போனது. சலங்கைச் சத்தம் மட்டும் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தது. ஆண்கள் பக்கம் கொதித்து எழுந்தது.

“கதவைச் சாத்துங்கடா.”

“எவடா அவ?”

அவள் இரண்டாவது கதவையும் திறந்தாள். மூன்றாவது கதவுக்குப் போவதற்குள் விசில் நின்றுவிட்டது. வெயிலில் எல்லோருக்கும் தெரிந்தது. ஏழாவது வரிசையில் தரையில் கிடந்த ரோசரி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து ஒன்பதாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நடிப்பு எதுவும் இல்லை.

“சிஸ்டர்” என்று சுராயா கூப்பிட்டாள். “வாங்க சிஸ்டர். ஏதாவது ஊசி போடுங்க.”

எல்லா முகங்களும் அற்புதம்மாளைப் பார்த்தன. இத்தனை வருடமாக அவள் பார்த்த முகங்கள்.

“நான் நர்ஸ் இல்லீங்க” என்றாள். “டிக்கெட் கிழிக்கிறவ.”

சுராயா அவளைப் பார்த்த பார்வையைப் பற்றிப் பிறகு பல வருடம் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வாசலில் நின்ற வேனை யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திட்டினார்கள். ஓர் ஆட்டோ வந்தது. ரோசரி காலைப் பிடிக்க, அற்புதம்மாள் தலையைப் பிடிக்க, கமருன்னிசாவை ஏற்றினார்கள். சுராயாவோடு அற்புதம்மாளும் ஏறிக்கொண்டாள். கம்பியில் அந்தப் பெண்ணின் தலை இடிக்காமல் தன் கையை நடுவில் கொடுத்துக்கொண்டாள். வழியில் மறுபடி உதறியது. ஆஸ்பத்திரி வாசலில் மறுபடி. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த நிஜ நர்ஸ், வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு அவளிடம்தான் கேட்டாள்.

“எத்தனை தடவை வெட்டு வந்துச்சு?”

“நான் நர்ஸ் இல்லீங்க.”

“யாரா வேணா இருங்க. பார்த்தீங்களா இல்லையா?”

“மூணு தடவைங்க. முதல் தடவை நாலு மணி தாண்டி. அப்புறம் ரயில்வே பாலத்துக்கிட்ட. இப்ப ஒண்ணு. காலையிலேருந்து தலைவலியாம். வரும்போதே கால் வீங்கியிருந்துச்சு. கண்ணுல மினுமினுன்னு இருக்குன்னு சொன்னாங்க.”

இவ்வளவையும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் டிக்கெட்டைக் கிழித்திருக்கிறாள்.

நர்ஸ் எல்லாவற்றையும் மளமளவென்று எழுதிக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

மூன்றாம் நாள் கமருன்னிசா கண் விழித்தாள். குழந்தை பிழைக்கவில்லை. இது ரத்தக் கொதிப்பால் வருவது, வீட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்கும், படத்தைப் பார்த்து வந்ததில்லை என்று டாக்டர் சொன்னார். வராந்தாவில் நின்ற அற்புதம்மாளிடம் சுராயா அதைச் சொன்னாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

“வாசல்லயே சொல்லியிருந்தா நேரா இங்க வந்திருப்போம்ல?”

கேட்டுவிட்டு, தங்கை படுத்திருந்த வார்டுக்குள் திரும்பிப் போனாள்.

மறுநாள் வேலைக்குப் போனபோது வாசலில் கூட்டம் தெரு முனை வரை நின்றது. தட்டியில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். இந்தத் தியேட்டரில் ஒரு பெண் நிஜமாகவே மயங்கி விழுந்தார் என்று எழுதியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ரோசரி நின்றாள். மயங்கி விழ வேறு ஒருத்தி வந்திருந்தாள்.

ரோசரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, “நீங்க கட்ட மாட்டீங்கன்னு சொன்னேன்க்கா. அப்ப நீ கட்டுன்னுட்டார் மேனேஜர்” என்றாள்.

சகாயநாதன் அற்புதம்மாளை அறைக்குக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, அலுப்பாக இருந்தார்.

“நீ செஞ்சது தப்புன்னு சொல்லலை. ஆனா ஆளாளுக்கு கதவைத் திறந்தா தியேட்டர் நடத்த முடியாது. பக்கத்துக் கதவு மூணுக்கும் பூட்டு வாங்கியிருக்கேன்.”

“சாவி என்கிட்ட இருக்கணும் சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் எதையும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

“இல்லேன்னா நான் வேலைக்கு வர மாட்டேன்” என்றாள். “கோயில்ல ஃபாதர் கேட்டா, ஏன் வேலையை விட்டேன்னு சொல்லுவேன்.”

மூன்று சாவியையும் மேஜைமேல் வைத்தார்.

அன்றிலிருந்து தன் கத்தரிப்பூ நிறச் சேலையில் வரிசை ஓரமாக நின்றாள். கர்ப்பிணி யார் வந்தாலும் பக்கத்தில் போய்ச் சொன்னாள். “வேண்டாம்மா. அவங்க நர்ஸ் இல்ல. அந்த வேன் ஓடாது. போன வாரம் ஒரு பொண்ணுக்கு நிஜமாவே முடியாம போச்சு.” குரலைத் தாழ்த்தி, கண்ணைப் பார்த்து, ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள்.

அவர்கள் கேட்டார்கள். கண் விரியக் கேட்டார்கள். பிறகு பக்கத்திலிருந்தவளின் கையைக் கிள்ளிக்கொண்டார்கள்.

“பாருடி, உள்ள போறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சுட்டாங்க” என்று ஒருத்தி சிரித்தாள். “எனக்கு இப்பவே கை சில்லுன்னு ஆயிடுச்சு. வா வா, இடம் போயிடும்.”

பங்களாவைப் பற்றி எச்சரிக்கிற வாட்ச்மேன் போல இருந்தது தன் நிலைமை என்று அற்புதம்மாளுக்குத் தோன்றியது. அவன் சொல்வதை எந்தப் படத்தில் யார் கேட்டிருக்கிறார்கள்? ஒன்றிரண்டு பேர் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் டிக்கெட்டை நீட்டினார்கள். அவள் கிழிக்காவிட்டால் வேறு யாரோ கிழித்தார்கள்.

விளக்கு அணைந்ததும் அவள் தன் இடத்துக்குப் போனாள். திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். மூன்று சாவியும் உள்ளங்கையில் இருந்தன. நாய் ஊளையிட்டது. கதவு கிறீச்சிட்டது. பூனை குதித்த கணத்தில் இருநூறு பெண்களும் சந்தோஷமாக அலறினார்கள். கத்துகிற முகங்களைத் தள்ளித் தள்ளி, கத்தாமல் இருக்கும் ஒரு முகத்தை அவள் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தாள்.